மகரக்கட்டு உடையும் வரை

லண்டனின் ஹாரோ பகுதியில் வாழும் ஒரு தாயார் எழுதிய கடிதத்தின் சுருக்கத்தைச் சென்ற இதழில் வெளியிட்டு, அந்தப் பொருளைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் எழுதலாம் என்று கேட்டிருந்தோம். எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்ததால், இம்முறை கேள்வி–பதில் பகுதி முழுவதும் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்துச் சிறுவர் நடிகர்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: என் பதினான்கு வயது மகள் கோடை விடுமுறையில் ஓர் இளையோர் இசை நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். எலிசபெத் காலத்து லண்டனில் நடித்துப் பாடிய சிறுவர்களைப் பற்றிய இசை நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. முதல் காட்சியிலேயே, பள்ளிக்கூடம் போகும் பையன் ஒருவனை நாடகக் கம்பெனிக்காரர்கள் தெருவில் மறித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்ப்பவர்களைப் பரபரப்பில் ஆழ்த்துவதற்காகச் சேர்த்த காட்சி இது என்று நான் சொன்னேன். நடந்ததுதான் என்று அவள் அடித்துச் சொல்கிறாள். யார் சொல்வது சரி? (வாசகி, ஹாரோ, லண்டன்)

பதில்: தங்கள் மகள் சொல்வதுதான் சரி. அந்தக் காட்சிக்கு ஆதாரமாக நீதிமன்ற ஆவணமே இருக்கிறது. 1600-ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று, தாமஸ் கிளிஃப்டன் என்ற ஏறக்குறைய பதின்மூன்று வயதுப் பையன், கிறைஸ்ட் சர்ச் இலக்கணப் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தான். அவனை வழியில் பிடித்து, பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் இருந்த நாடக அரங்குக்கு வலுக்கட்டாயமாகக் கொண்டு போனார்கள். அவனுடைய தந்தை ஹென்றி கிளிஃப்டன், நார்ஃபோக்கைச் சேர்ந்த வசதியான நிலக்கிழார். செய்தி அறிந்து அரங்குக்குச் சென்று மகனைத் திருப்பித் தரும்படி அவர் கேட்டபோது, இந்த நாட்டில் எந்தப் பிரபுவின் மகனையும் இப்படிப் பிடித்துக்கொள்ளத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று கம்பெனிக்காரர்கள் பதில் சொன்னார்கள். அதோடு விடவில்லை. தந்தையை அவமதிக்கும் விதமாக, தாங்கள் நடத்தும் நாடகம் ஒன்றின் பகுதி எழுதப்பட்ட காகிதச் சுருளைப் பையனின் கையில் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சொன்னபடி கேட்காவிட்டால் சவுக்கடி நிச்சயம் என்றும் மிரட்டினார்கள்.

கிளிஃப்டன் செல்வாக்குள்ளவர். அரசியின் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த சர் ஜான் ஃபோர்ட்டெஸ்கியூவிடம் முறையிட்டு, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மகனை மீட்டுவிட்டார். ஆனால் மீட்டதோடு அவர் ஆறிவிடவில்லை. மறு ஆண்டு டிசம்பரில் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் விரிவான புகார் கொடுத்தார். எனக்கு அந்தப் புகாரின் அருமையே வேறு இடத்தில் இருக்கிறது. தன் மகனைப் போலவே பிடிக்கப்பட்ட வேறு ஏழு பையன்களின் பெயர்களையும் அவர் வரிசையாக எழுதி வைத்தார். ஜான் சாப்பல், ஜான் மாட்டரம், நேதன் ஃபீல்டு, ஆல்வரி டிரஸல், ஃபிலிப் பிக்மன், தாமஸ் கிரைம்ஸ், சாலமன் பேவி. அவர்களில் சிலர் எந்தப் பள்ளியில் படித்தார்கள், சிலர் யாரிடம் தொழில் பழகினார்கள் என்பதையும் குறித்தார். இவர்களில் எவருக்கும் ஒரே நாளில் மீட்டுக்கொண்டு போகும் அளவுக்குச் செல்வாக்குள்ள தந்தை இல்லை. தங்கள் மகளின் குழு இந்த நாடகத்தில் அந்தப் பெயர்களை ஒருமுறையாவது உரக்கச் சொல்லுமானால், அதுவே பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: பட்டப்பகலில் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வதற்கு எந்தச் சட்டம் இடம் கொடுத்தது? (வழக்கறிஞர், திருநெல்வேலி)

பதில்: அரச ஆணையே இடம் கொடுத்தது. அரண்மனைத் தேவாலயத்தில் வழிபாட்டுப் பாடல்கள் பாடுவதற்காகப் பன்னிரண்டு சிறுவர்கள் அடங்கிய பாடகர் குழு ஒன்று இருந்தது. மகரக்கட்டு உடைந்து, அதாவது வளரும் பருவத்தில் குரல் உடைந்து போன பையன்களுக்குப் பதிலாகப் புதியவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால், நாட்டில் எங்கே நல்ல குரல் இருந்தாலும் அந்தச் சிறுவனை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே அக்குழுவின் தலைவருக்கு வழங்கப்பட்டு வந்தது. படைக்கு ஆள் எடுப்பதையும், அரண்மனைத் தேவைக்கு வண்டிகளையும் தானியத்தையும் எடுப்பதையும் போலவே குரலையும் எடுத்தார்கள். 1597-இல் நதானியேல் ஜைல்ஸ் அந்தப் பொறுப்புக்கு வந்தபோது அவருக்கும் இந்த ஆணை கிடைத்தது.

தவறு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிளாக்ஃபிரையர்ஸ் என்பது பழைய துறவியர் மடம். அதன் ஒரு பகுதியை 1596-இல், ஷேக்ஸ்பியரின் கம்பெனிக்கு அரங்கு நடத்திய ஜேம்ஸ் பர்பேஜ், 600 பவுன் பணத்துக்கு வாங்கி உள்ளரங்காக மாற்றினார். பெரியவர்களின் நாடகக் கம்பெனி வந்தால் கூட்டமும் இரைச்சலும் தாங்காது என்று அக்கம்பக்கத்தார் மனு கொடுத்துத் தடுத்துவிட்டார்கள். சும்மா கிடந்த அந்த அரங்கை 1600-இல், ஆண்டுக்கு 40 பவுன் வாடகையில், 21 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவர் ஹென்றி எவன்ஸ் என்ற பத்திர எழுத்தர். அவர் கையில் அரங்கு இருந்தது. ஜைல்ஸ் கையில் ஆணை இருந்தது. இரண்டும் சேர்ந்ததும், தேவாலயத்துக்குப் பாடகர் சேர்க்கக் கொடுத்த அதிகாரம் கட்டண நாடகத்துக்கு நடிகர் சேர்க்கும் கருவியாகிவிட்டது. கிளிஃப்டனின் வாதமும் சரியாக அந்த இடத்தைத்தான் தொடுகிறது. பிடிக்கப்பட்ட பையன்களுக்குப் பாட வராது, அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க யாரும் முயலவும் இல்லை, ஆகவே பாடகர் ஆணை இவர்களுக்குச் செல்லாது என்று அவர் எழுதினார். வழக்கறிஞராகிய தங்களுக்கு அந்த வாதத்தின் கூர்மையை நான் விளக்க வேண்டியதில்லை.

நற்குடிப் பிள்ளைகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்ததற்காக நீதிமன்றம் 1602-இல் எவன்ஸைக் கண்டித்தது. ஆணையே திருத்தப்பட்டது 1606-இல், ஜேம்ஸ் மன்னர் காலத்தில். கடவுளின் புகழைப் பாட வேண்டிய சிறுவர்களைக் கூத்துக்குப் பழக்குவது தகாது என்று அப்போது எழுதினார்கள். தெய்வத்துக்குச் செய்யும் அவமதிப்பு அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்த அளவுக்கு, பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம் தெரியவில்லை என்பது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: அந்தச் சிறுவர்களின் நாடகங்களை இசை நாடகம் என்று சொல்லலாமா? எந்தெந்த வாத்தியங்கள் இருந்தன? (இசை ஆசிரியை, திருவையாறு)

பதில்: இன்று நாம் சொல்லும் பொருளில், கதை முழுவதையும் பாட்டே தாங்கி நடத்தும் நாடகங்களாக அவை இருக்கவில்லை, வசனமே பெரும்பகுதி. ஆனால் அக்காலத்து லண்டனில் சிறந்த அரங்க இசையைக் கேட்க விரும்பியவர்கள் போன இடம் சிறுவர்களின் அரங்கம்தான். இதற்கு நேரில் கண்டவர் சாட்சி இருக்கிறது. 1602 செப்டம்பரில் ஜெர்மானியப் பகுதியான பொமரேனியாவின் இளம் கோமகன் லண்டனுக்கு வந்தபோது பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கில் நாடகம் பார்த்தார். உடன் வந்த செயலர் தம் நாட்குறிப்பில், நாடகம் தொடங்கும் முன் முழுதாக ஒரு மணி நேரம் இசை நடந்தது என்று எழுதுகிறார். ஆர்கன், லூட், பண்டோரா, மண்டோரா, வயலின், புல்லாங்குழல் எல்லாம் ஒலித்தனவாம். பிறகு ஒரு சிறுவன், தாழ்ந்த சுருதியுள்ள வயல் என்ற நரம்பு வாத்தியத்தின் துணையோடு, குரலில் அசைவு கொடுத்துப் பாடியிருக்கிறான். மிலான் நகரத்துக் கன்னியர் வேண்டுமானால் அவனை மிஞ்சலாம், வழிநெடுக இதற்கு இணையான பாட்டை நாங்கள் கேட்கவில்லை என்கிறார் அவர். சிறுவனின் பெயரை அவர் எழுதவில்லை.

லூட், பண்டோரா, மண்டோரா ஆகியவை விரலாலோ மீட்டுகோலாலோ மீட்டும் நரம்பு வாத்தியங்கள். வயல் என்பது நம் கச்சேரி வயலினிலிருந்து வேறு. உட்கார்ந்து கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லால் இழைப்பார்கள். அதன் ஒலி மெல்லியது. வெட்டவெளியில் கரைந்துவிடும், கூரையும் மரச்சுவரும் உள்ள கூடத்தில் நன்றாக நிற்கும். பிளாக்ஃபிரையர்ஸ் கூடம் 66 அடி நீளமும் 46 அடி அகலமும் மட்டுமே கொண்டது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் இயங்கியது. காட்சிப் பிரிவுகளுக்கு இடையே திரியைக் கத்தரித்துச் சீராக்கும் நேரத்தை இசை நிரப்பியது. திறந்தவெளி அரங்குகளில் ஒரு பென்னி கொடுத்தால் நின்று பார்க்கலாம். இங்கே குறைந்த கட்டணமே ஆறு பென்னி. அந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு இசைக்கு உரியது என்பது என் கருத்து.

இந்தத் தேர்ச்சி திடீரென்று வந்ததன்று. தூய பவுல் பேராலயத்தின் பத்துப் பாடகச் சிறுவர்களும் பல பத்தாண்டுகளாக நாடகம் நடித்தவர்களே. அவர்களுக்குப் பாட்டும் வாத்தியமும் கற்றுக்கொடுத்த செபாஸ்டியன் வெஸ்ட்காட், 1582-இல் இறக்கும்போது, பையன்கள் பழகுவதற்கென்று ஒரு பெட்டி நிறைய வயல்களை எழுதி வைத்துவிட்டுப் போனார். சாகப்போகிறோம், துன்பம் தாங்கவில்லை என்று கதைமாந்தர் புலம்பும் இடத்தில், வயல்களின் துணையோடு தனிக் குரலில் ஒரு நீண்ட புலம்பல் பாட்டு வருவது சிறுவர் நாடகங்களின் தனிச்சிறப்பு. உடையாத அந்தக் குரல் ஒன்றுக்காகவே எழுதப்பட்ட பாட்டுகள் அவை.

கேள்வி: நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளுக்கு இவைதாம் முன்னோடியா? ஸ்திரீபார்ட் போட்டவர்களும் இந்தப் பையன்கள்தாமா? (வாசகர், மதுரை)

பதில்: தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் தம் தேவையிலிருந்து தாமே எழுந்தவை, இவற்றின் வாரிசுகள் அல்ல. ஆனால் ஒரு சொல் மட்டும் உண்மையாகவே கடல் தாண்டி வந்திருக்கிறது. ஆங்கில அரங்கில் எந்த நடிகருக்கும் முழு நாடகப் பிரதியைக் கொடுக்கமாட்டார்கள். அவர் பேச வேண்டிய வசனங்களையும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அடுத்தவர் பேசி முடிக்கும் கடைசிச் சில சொற்களையும் மட்டும் நீளமான காகிதத்தில் எழுதி, சுருட்டிக் கொடுப்பார்கள். அந்தச் சுருளின் பெயர்தான் பார்ட். தாமஸ் கிளிஃப்டனின் கையில் திணித்தது அதைத்தான். நம் ராஜபார்ட்டிலும் ஸ்திரீபார்ட்டிலும் இருப்பதும் அதே பார்ட்தான்.

இனி, இரண்டாவது கேள்வி. இங்கிலாந்தின் பொது அரங்குகளில் 1660 வரை பெண்கள் தொழில்முறையாக நடிக்கவில்லை. எல்லாப் பெண் வேடங்களையும் ஆண் பிள்ளைகளே ஏற்றார்கள். ஆனால் அப்பிள்ளைகள் இரு வகையினர். மேலே சொன்னவர்கள் சிறுவர்களே எல்லா வேடமும் கட்டும் குழுக்களைச் சேர்ந்தவர்கள். அரசன், கிழவன், தாதி எல்லாம் அவர்களே. மற்றவர்கள், ஷேக்ஸ்பியர் இருந்ததைப் போன்ற பெரியவர்களின் கம்பெனியில், ஒரு மூத்த நடிகரிடம் தொழில் பழகுநராகச் சேர்ந்து பெண் வேடம் கட்டியவர்கள். இந்த இரண்டாம் வகையிலும் விலைபேசல் உண்டு. நாடக முதலாளி ஃபிலிப் ஹென்ஸ்லோ, ஜேம்ஸ் பிரிஸ்டோ என்ற பையனை 1597 டிசம்பரில் இன்னொரு நடிகரிடமிருந்து 8 பவுனுக்கு வாங்கியதாகத் தம் கணக்கேட்டில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு அந்தப் பையனின் உழைப்புக்காகக் கம்பெனியிடமிருந்து வாரம் 3 ஷில்லிங் பெற்றார். 8 பவுன் என்பது 160 ஷில்லிங். ஓராண்டுக்குச் சற்று மேல் போனால் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு வந்ததெல்லாம் ஆதாயம்.

ஆனால் எல்லா ஆசிரியர்களும் ஹென்ஸ்லோக்கள் அல்லர். ஷேக்ஸ்பியரோடு நடித்த அகஸ்டின் ஃபிலிப்ஸ் 1605-இல் எழுதிய உயிலில், தம்மிடம் முன்பு தொழில் பழகிய சாமுவேல் கில்போர்னுக்கு 40 ஷில்லிங்கும், எலி நிற வெல்வெட் கால்சட்டையும், வெள்ளைப் பட்டு மேற்சட்டையும், ஊதா மேலங்கியும், வாளும், தம்முடைய பெரிய வயலும் கொடுக்கும்படி எழுதினார். அப்போது தம்மிடம் பழகிக்கொண்டிருந்த ஜேம்ஸ் சாண்ட்ஸுக்குப் பணத்தோடு சிட்டர்ன் என்ற மீட்டும் நரம்பு வாத்தியம் ஒன்று, ஒரு பண்டோரா, ஒரு லூட். தாம் வாசித்த வாத்தியம் தாம் வளர்த்த பிள்ளையின் கைக்குப் போக வேண்டும் என்று நினைத்த அந்த மனிதரை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

கேள்வி: மகரக்கட்டு உடைந்த பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? (ஓய்வுபெற்ற அதிபர், யாழ்ப்பாணம்)

பதில்: ஷேக்ஸ்பியர் கேட்ட கேள்வியும் இதுதான். ஹாம்லெட் நாடகத்தில், 1623-ஆம் ஆண்டுப் பெரும்பதிப்பில் காணப்படும் ஒரு பகுதியில், நகரத்தில் புதிதாகப் புகழ் பெற்றிருக்கும் சிறுவர் குழுவைப் பற்றிப் பேச்சு வருகிறது. கூட்டைவிட்டுக் கிளம்பாத வல்லூற்றுக் குஞ்சுகள் என்று அவர்களைச் சொல்கிறார்கள். இவர்களை யார் பராமரிக்கிறார்கள்? பாட முடிகிற வரைக்கும்தான் இந்தத் தொழிலில் இருப்பார்களா? வளர்ந்து சாதாரண நடிகர்களாக ஆகும்போது, இன்று பெரிய நடிகர்களை ஏசும்படி எழுதிக்கொடுப்பவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துவிட்டார்கள் என்று உணரமாட்டார்களா? இப்படிக் கேட்கிறான் ஹாம்லெட். போட்டிக் கம்பெனியைச் சேர்ந்தவர் எழுதிய வரிகள்தாம். என்றாலும் அதில் பொறாமையைவிட அக்கறையே எனக்கு அதிகம் கேட்கிறது.

சிலர் நன்றாகவே தப்பித்தார்கள். நேதன் ஃபீல்டின் தந்தை, நாடகத்தைப் பாவமென்று கண்டித்த தூய்மைவாதப் போதகர். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தூய பவுல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையனைக் கம்பெனிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனதால் நின்ற படிப்பை, கம்பெனிக்கு நாடகம் எழுதிய பென் ஜான்சன் தொடர வைத்தார். ஹொரேஸ், மார்ஷியல் ஆகிய லத்தீன் கவிஞர்களைத் தாமே அவனுக்குப் பாடம் சொன்னதாகப் பிற்காலத்தில் ஜான்சன் கூறியிருக்கிறார். ஃபீல்டு பெரிய நடிகராகவும் நாடக ஆசிரியராகவும் வளர்ந்து, பின்னர் ஷேக்ஸ்பியரின் கம்பெனியிலேயே சேர்ந்தார். ஜான் அண்டர்வுட், வில்லியம் ஆஸ்ட்லர் ஆகியோரும் அப்படியே. 1608-இல் அந்தக் கம்பெனி பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, சிறுவர்கள் பழக்கிய இடைவேளை இசையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. கிளிஃப்டன் எழுதிய மற்றப் பெயர்களில் பலவும் அதற்குப் பிறகு எங்கும் தட்டுப்படுவதில்லை.

கேள்வி: என் முதற்கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்று. என் மகளுக்குக் கிடைத்திருப்பது சாலமன் பேவியின் வேடம். அந்தப் பையன் சிறு வயதிலேயே இறந்துவிடுகிறான். இவ்வளவு துன்பத்தைப் பிள்ளைகளைக் கொண்டே நடிக்கவைப்பது சரியா என்று கலக்கமாக இருக்கிறது. (வாசகி, ஹாரோ, லண்டன்)

பதில்: தங்கள் கலக்கம் நியாயமானது. முதலில் தாங்கள் இருக்கும் நாட்டின் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் இன்று பிள்ளைகள் மேடையேறுவதற்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டமும் 2014-ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. உரிமம் தேவைப்படும் நிகழ்ச்சிகளுக்கு அதை வழங்குவது உள்ளாட்சி அமைப்பு. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாவலராவது இருக்க வேண்டும்; ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள்கூட ஒரு நாளில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் அரங்கில் இருக்கக் கூடாது. ஊதியமின்றி நடத்தும் இளையோர் குழுக்கள் மொத்தமாக ஒரே அனுமதி பெறவும் வழியுண்டு. தங்கள் குழு எந்த வழியில் அனுமதி பெற்றிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தாயாராகிய தங்கள் உரிமை. நல்ல குழு தயங்காமல் சொல்லும்.

நடிக்கலாமா என்பதற்கு என் பதில், நடிக்க வேண்டும் என்பதே. ஆனால் அந்தப் பிள்ளைகளை அடிவாங்கி அழுபவர்களாக மட்டும் காட்டினால், அவர்களுக்கு இரண்டாம் முறை அநீதி செய்தவர்கள் ஆவோம். அவர்கள் வேலை தெரிந்தவர்கள். பேவி 1602-இல், பதின்மூன்று வயதளவில் இறந்தான். அதற்குள் மூன்றாண்டுகள் மேடையின் மணியாக விளங்கினான் என்று ஜான்சன் ஓர் இரங்கற்பாவில் எழுதினார். அவனுடைய சிறப்பு கிழவர் வேடம். கிழவராக அவன் அவ்வளவு பொருத்தமாக நடித்ததால், விதியின் தேவியர் அவனை உண்மையான கிழவன் என்று நம்பி ஏமாந்து உயிரை எடுத்துக்கொண்டார்கள் என்பது அப்பாடலின் கற்பனை. தவறை உணர்ந்து திருப்பித் தர அவர்கள் நினைத்தபோது, இவ்வளவு நல்லவனை மண்ணுக்குத் தரமாட்டோம் என்று வானுலகம் வைத்துக்கொண்டதாம். பையனுக்காக எழுதிக்கொடுத்தவரே பையனுக்காக அழுத பாட்டு அது.

எனவே தங்கள் மகள் நடிக்க வேண்டியது சாகும் பையனை மட்டுமன்று, தன் தொழிலில் கைதேர்ந்த ஒரு கலைஞனையும்தான். பெண் மேடையேற முடியாத காலத்துப் பையன் ஒருவனாக ஒரு பெண் பிள்ளை நிற்கிறாள். அந்தப் பையனோ எழுபது வயதுக் கிழவனாக நிற்க வேண்டும். இந்த இரட்டை வேடத்துக்கு வெள்ளைத் தாடியும் கூனல் முதுகும் போதாது. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் நாற்காலியிலிருந்து எழும்போது முதலில் கை எங்கே போகிறது, எழுந்த பிறகு முதல் அடி வைப்பதற்கு முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதை ஒரு வாரம் கவனித்துவிட்டு ஒத்திகைக்குப் போகச் சொல்லுங்கள்.